பிரேக் குழாயில் கோலமாவு

எனக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பிரேக் பெடலை என்னளவுக்கு மிதித்த பொம்பளை இந்தக் கல்கத்தாவில் இன்னொருத்தி இருப்பாளா என்பது சந்தேகம். மிதி என்றால் மிதித்தேன். பிடி என்றால் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடு என்றால் விட்டேன். போன மழைக்காலம் முழுக்க எனக்கு இதுதான் உத்தியோகம்.

லேக் கார்டன்ஸில் எங்களுக்கு ஒரு டிபன் கடை இருந்தது. காலையில் இட்லி, தோசை, சாயங்காலம் வடை, பஜ்ஜி. எங்கள் கடை என்று ஊருக்குச் சொன்னாலும் இடுப்பொடிய நடத்தியது நான்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பைப் ஃபிட்டர். கிரேன்களில் எண்ணெய் ஓடுகிற குழாய்களைப் போடுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. அந்த வேலைக்காகத்தான் கல்யாணமான கையோடு என்னை இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன பிறகு கடைக் கல்லாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று பேர்தான். தெருவில் எவர் வீட்டுக் குழாய் சொட்டினாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், நான் மாவுக் கையோடு ஓடிவந்து சில்லறை கொடுப்பேன்.

அப்படி இருக்கையில் எங்கள் கட்டடத்தை ஒரு ப்ரோமோட்டர் வாங்கிவிட்டான். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறானாம். துர்கா பூஜை முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்றதும் இனி பிழைப்புக்கு எங்கே போவது என்று எனக்குக் கவலை. இவருக்கோ, என்ன சொல்ல, முகத்தில் ஒரு தெளிச்சி. ஒரு பழைய குட்டி லாரியை வாங்கி, பின்னால் அடுப்பு, தோசைக்கல், சிலிண்டர் எல்லாம் வைத்து, கடையையே வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார். ஏதோ ரொம்ப நாளாக மனசுக்குள் வைத்திருந்த மாதிரி மளமளவென்று சொன்னார். ப்ரோமோட்டர் வந்ததில் மனுஷனுக்கு உள்ளூர சந்தோஷமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

லாரி ஹவுரா பக்கம் வண்டி கட்டுகிற ஒரு ஷெட்டுக்குப் போனது. ஷெட்டுக்காரர் பெங்காலி, நல்ல மனுஷர், அண்ணி என்கிற மாதிரி என்னை பௌதி என்றும், அண்ணா என்கிற மாதிரி இவரை தாதா என்றும் கூப்பிடுவார். எதைக் கேட்டாலும் "ஹோயே ஜாபே" என்பார், ஆகிவிடும் என்று அர்த்தம். எங்கள் அடுப்புக்கு இடம் போதவில்லை என்று லாரியின் சட்டத்தை நடுவில் வெட்டி நீட்டி வெல்டு வைத்தார். சட்டம் நீண்டதும் பழைய குழாய்கள் எட்டவில்லை. டீசல் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போகிற குழாய், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாக வேண்டும். அதற்கென்று தன்னிடம் ஓர் ஆள் இருப்பதாக ஷெட்டுக்காரர் சொன்னார்.

இவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "குழாய் வேலைக்கு இன்னொருத்தனைக் கூப்பிடறதுக்கா நான் வண்டி கட்டறேன்?" என்று என்னிடம்தான் பாய்ந்தார். பிறகு கொஞ்சம் தணிந்து, ஆற்றைக் கடக்கிற லாஞ்சில் திரும்பி வரும்போது சொன்னார், "இந்த வண்டி என் பிரேக்குலதான் நிக்கணும்மா. நிக்கலைன்னு வை, என்னைக் கல்லாவுல உட்கார வச்சிரு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் என்ன, திறந்த வாயை மூடினதே இல்லையாக்கும்" என்றேன். சிரித்தார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. யாருக்குத்தான் இல்லை. அதுவும் மூலைக்கு மூலை மிஷ்டி என்று இனிப்புக் கடை இருக்கிற ஊரில், ஒளித்து வைத்துச் சாப்பிடும் மனுஷனுக்கு. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்றால் காலைப் பார்த்துவிட்டு அவரே திகைத்தார். கழன்று விழுந்தது தெரியவே இல்லையாம். நான் அதை வைத்து ஒரு வாரம் கேலி செய்தேன். தெருவில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

டீசல் குழாயில் முதலில் கை வைத்தார். போட்டு முடித்து, ஷெட்டுக்காரர் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஜோராகக் கிளம்பியது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் விக்கி விக்கி நின்றுவிட்டது. எங்கோ ஒரு ஜாயின்ட் காற்றை உறிஞ்சுகிறது என்றார்கள். டீசல் வெளியே சொட்டினாலாவது கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே போவது எப்படித் தெரியும்? வாஷர் மட்டம் என்றார் இவர். வாஷரை மாற்றினார். அப்புறம் ரப்பர் ஹோஸ் மட்டம் என்றார். அதையும் மாற்றி, க்ளிப்பை அறுந்துபோகிற அளவுக்கு இறுக்கிய பிறகுதான் இன்ஜின் நிற்காமல் ஓடியது. இத்தனை மல்லுக்கட்டியும் அவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பிரேக் குழாய் அதைவிடச் சள்ளை. காப்பர் வேண்டாம், வளைக்க லேசாக இருக்கும், ஆனால் நம்பி ஓட்ட முடியாது என்று ஸ்டீல் குழாய்தான் வாங்கினார். சுருளாக வருவதைப் பிரித்து, நேராக்கி, சட்டத்தின் ஓரத்தோடு வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். சைலன்சர் சூடு படக்கூடாது, சக்கரம் திரும்பும்போது உரசக்கூடாது. இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வளைவுகளைப் பார்த்தால் எனக்கே அழகாக இருந்தது. நுனியில்தான் வில்லங்கம். குழாயின் வாயை ஓர் அச்சில் வைத்து அமுக்கி, வெளியே விரித்து, திரும்ப உள்ளே மடிக்க வேண்டும். அந்த மடிப்பு நட்டுக்குள் போய் உட்கார்ந்துதான் எண்ணெயைத் தடுக்கிறது. நட்டைக் கொஞ்சம் குறைவாக முறுக்கினால் கசியும். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மடிப்பில் கீறல் விழுந்து, அப்போதும் கசியும். சரியான இடம் எது என்பதற்கு அளவு கிடையாது. விரலுக்குத்தான் விளங்க வேண்டும்.

ஒரு தடவை நட்டைக் கோக்காமலே வாயை மடித்துவிட்டார். நட்டு வெளியே, மடிப்பு உள்ளே, இனி அது எப்படி ஏறும்? வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி மடித்தார். நான் சிரித்தேன். "உன் தோசைக்கு நீ உப்புப் போட மறந்ததே இல்லையா?" என்றார். அது நியாயமான கேள்விதான்.

குழாய் எல்லாம் மாட்டியாயிற்று. இனி ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றினால்தான் பிரேக் பிடிக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே பெடலில், ஒருவர் கீழே சக்கரத்தடியில். ஷெட்டுக்காரரின் ஆளை உட்கார வைக்க இவருக்கு மனசில்லை. என்னைப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறச் சொன்னார். கீழேயிருந்து மிதி என்பார். மிதிப்பேன். பிடி என்பார். பிடிப்பேன். சக்கரத்தில் ஒரு திருகைத் திறப்பார், எண்ணெயும் குமிழியுமாகச் சீறும், என் கால் தரை வரைக்கும் போகும். திருகை மூடிவிட்டு விடு என்பார். பிறகு மறுபடி மிதி. காற்றெல்லாம் போன பிறகு பெடல் காலடியில் கல் மாதிரி நிற்க வேண்டும்.

நின்றது. அவருக்குக் கேட்கட்டும் என்று "கெட்டியா இருக்குங்க" என்று கத்தினேன். காலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெடல் என் காலுக்கடியில் மெதுவாகக் கீழே போக ஆரம்பித்தது. நான் கூடுதலாக அழுத்தவே இல்லை. அது பாட்டுக்குப் போனது.

"இறங்குதுங்க."

கீழே ஸ்பானர் நட்டில் மாட்டும் ஓசை கேட்டது.

அன்று தொடங்கியது இந்த இழவு. ஒரு ஜாயின்டில் ஈரம் தெரியும், முறுக்குவார். அது அடங்கினால் அடுத்ததில் தெரியும். அதை முறுக்கினால் மடிப்பு கீறிவிடும், குழாயைக் கழற்றி, நுனியை வெட்டி, மறுபடி மடித்து மாட்ட வேண்டும். வெட்டி வெட்டி ஒரு குழாய் நீளமே பற்றாமல் போய், முழுசாக வேறு வளைத்தார். ஒவ்வொரு முறையும் நான் ஏறி உட்கார்ந்து மிதிப்பேன், ஒவ்வொரு முறையும் அவர் கெட்டியா இருக்கா என்று கேட்பார், நான் இறங்குது என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. ஷெட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது. பூஜைக்குள் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்ற பேச்சை இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

ஒருநாள் காலையில் வீட்டில் பால் பொங்கியது. நான் துணியைத் தேடுவதற்குள் அவர் வெறுங்கையால் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து இறக்கினார். இறக்கி, நிதானமாக டம்ளர்களில் ஊற்றினார். ஒரு உஸ் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அந்தப் பாத்திரத்தை நான் தொட்டுப் பார்த்தேன், விரலைச் சுள்ளென்று இழுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அவர் விரல் நுனிகளில் கொப்புளம் கிளம்பியிருந்தது. "எப்ப சுட்டுது?" என்று என்னைக் கேட்டார்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கொஞ்சம் மரமரப்புதான், சட்டை பட்டன் போடும்போது மட்டும் தகராறு என்றார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு சின்னக் கம்பியால் விரல்களைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த இவர், தொடாதபோதும் தெரிகிறது என்றார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பி வராது என்றார் டாக்டர். இனிமேல் சூடு, கூர்மை எல்லாம் ஜாக்கிரதை என்றும் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "ஷெட்டுக்காரரோட ஆள் வந்து ஒரு தடவை பாக்கட்டுமேங்க."

"எதுக்கு?"

"அவன் சும்மா பாக்கட்டும்."

"நீ சும்மா இரு. நட்டு மட்டம். நல்ல நட்டு ஒண்ணும் இப்ப வர்றதில்லை."

"நட்டு மேல பழி போடாதீங்க. உங்களுக்கு விரலே தெரியலை."

ஆட்டோக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. இவர் வீடு வரும் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. இரவு சாப்பிடும்போது, "கல்லாவுல உட்காரத்தானே சொல்றே, அதை நேராச் சொல்லு" என்றார். எனக்கும் கோபம்தான். இந்த வீம்பை உருக்கிச் சட்டம் செய்திருந்தால் லாரிக்கு வெல்டே வேண்டியிருந்திருக்காது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் தட்டைப் பார்த்தேன், சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் வழக்கம்போல லாஞ்சில் ஹவுரா போனோம். என்ன செய்ய, போகாமல் இருந்தால் அவர் தனியாகப் போவார். அன்று எல்லா ஜாயின்டுகளையும் கழற்றிப் புது நட்டு, புது மடிப்பு போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கம் வலது சக்கரத்துக் குழாய்தான் கடைசி. அதை விரலால் திருகி ஏற்றிவிட்டு ஸ்பானரை எடுக்கும்போது அவருக்கு உடம்பு வெடவெடவென்று ஆடியது, சட்டை வேர்வையில் தெப்பமாக நனைந்துவிட்டது. சுகர் இறங்கிவிட்டது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஷெட்டுக்காரரும் நானுமாக அவரை வெளியே இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தோம். ஷெட்டுக்காரர் ஓடிப்போய் ரசகுல்லா வாங்கி வந்து ஊட்டிவிட்டார்.

மழை வலுத்து, கூரை ஓட்டை வழியாக லாரியின் பின்பக்கம் தண்ணீர் ஒழுகியது. அந்தக் குழாய் தளர்வாகத் தொங்குவது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் எல்லாம் பாழ் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிக்கடியில் நுழைந்தேன். ஸ்பானர் அங்கேயே கிடந்தது. நட்டில் மாட்டித் திருகினேன். லேசாகப் போனது, அப்புறம் கொஞ்சம் முரண்டியது, அப்புறம் நின்றுவிட்டது. நானும் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, அந்த நிம்மதியில் இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. சுகர் இறங்கின மயக்கத்தில் எது வரைக்கும் முறுக்கினோம் என்பது அவருக்கும் ஞாபகமில்லை.

அடுத்த நாள் எண்ணெய் ஊற்றி, மிதி, பிடி, விடு எல்லாம் முடித்தோம். பெடல் இறங்கியது. முன்னைவிட மெதுவாக, ஆனால் இறங்கியது. அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்டாகத் துடைத்துத் துடைத்துத் தேடினார். ஈரம் அவ்வளவு நுணுக்கம், கண்ணுக்குப் பிடிபடவில்லை. விரலால் தடவினால் தெரியும். அவர் தடவிப் பார்த்துவிட்டு எல்லாம் காய்ந்திருக்கிறது என்றார். நான் தடவிப் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக என் பையிலிருந்து கோலமாவை எடுத்தேன். அன்று காலையில் கடை வாசலில் போட்டுவிட்டு மிச்சத்தை டப்பாவோடு பையில் போட்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் என் கோலத்தை ஆல்போனா என்று சொல்லி நின்று பார்ப்பார்கள். அரிசி மாவில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும், வாசல் சரியாகக் காயாத நாளில் அது எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஜாயின்டுகள் மேல் தூவிவிட்டு மிதிக்கலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மூளை இருக்கே உனக்கு" என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

எல்லா ஜாயின்டுகளிலும் வெள்ளையாக மாவைத் தூவினார். நான் ஏறி மிதித்துப் பிடித்துக்கொண்டேன். பெடல் என் காலோடு மெல்ல இறங்கியது. கீழே அவர் முன்னாலிருந்து பின்னால் வரை நகர்ந்து நகர்ந்து போவது கேட்டது. "இங்க கறுத்திருக்கு" என்றார். கொஞ்சம் தள்ளி, "இங்கயும்" என்றார். அப்புறம் நகர்வது மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு பெடலைப் பிடித்திருந்தேன்.

"இறங்கி வா. சீக்கிரம் வா" என்று அவர் குரல் வந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். வரிசையாக எல்லா ஜாயின்டிலும் மாவு நனைந்து கறுத்துப்போயிருந்தது. பின்பக்கம் வலது சக்கரத்துக்கிட்ட அவர் மல்லாந்து கிடந்தபடி டார்ச் அடித்தார். அங்கே மாவு போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா, ஒரு பொட்டு ஈரம் இருக்கா? கை போயிருச்சுன்னு சொன்னானே அந்த டாக்டர், இதை யாரு முறுக்கினா? அவனா வந்து முறுக்கினான்?" சிரித்தார். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் பல் தெரிந்தது. "ஒண்ணு நின்னா எல்லாம் நிக்கும்மா. மத்ததையும் இதே மாதிரி திரும்பப் போட்டிருவேன்."

ஷெட்டுக்காரருக்கு என்ன புரிந்ததோ, அவரும் குனிந்து பார்த்துவிட்டு "ஹோயே ஜாபே தாதா" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன், பொய் ஒரு பெரிய விஷயமா? ஆனால் அவர் மறுபடி எல்லாவற்றையும் முறுக்குவார். ஒருநாள் பெடல் இறங்காத மாதிரி தோன்றும். பின்னால் சிலிண்டரும் கொதிக்கிற எண்ணெயுமாக பூஜைக் கூட்டத்துக்குள் இந்த வண்டி போகும்.

"அது நான் முறுக்கினதுங்க" என்றேன். "நேத்து நீங்க வெளியில உட்கார்ந்திருந்தீங்கல்ல, சுகர் இறங்கி. மழைத்தண்ணி உள்ள போயிரக்கூடாதேன்னு நான்தான் போய் முறுக்கிட்டு வந்தேன்."

டார்ச்சை அணைத்தார். மடிப்பு என்னவோ அவர் போட்டதுதான், அதையாவது சொல்லியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதோட போதும்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"கைக்குத் தெரிஞ்சுதுங்க" என்றேன்.

"ஆமா, அப்படித்தான் தெரியும்" என்றார்.

பிறகு ஸ்பானரை என் பக்கமாகத் தரையில் தள்ளிவிட்டு, எந்தெந்த ஜாயின்டைக் கழற்ற வேண்டும் என்று முன்னாலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் அவர் முறுக்கியது.